மூன்று தும்பிக்கை யானை

போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அப்படியும் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிற நம் வயசுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தாலும் பாதகமில்லை. ஆனால் ஃப்ளாப்பி என்றால் என்ன என்று கேட்டு வந்தால் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் கம்ப்யூட்டரில் கப்பல் சண்டை ஆடிக்கொண்டிருந்தான். கடல் தத்ரூபமாக இருந்தது, அலையில் வெயில்கூட மின்னியது. "பெரிம்மா, இத்த பாருங்க. அமெரிக்கா கப்பல். லார்ஜ் குரூசர். இதுல இருக்கற மாதிரி பீரங்கி வேற எந்தக் குரூசர்லயும் இல்ல. ஆனா நெஜத்துல கட்டவே இல்லியாம், டிசைன் மட்டும்தான்" என்றான். நான் பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணினேன். முன்னால் இரண்டு பீரங்கிக் கூண்டு, பின்னால் இரண்டு. கூண்டுக்கு மூன்று குழாய். ஆக மொத்தம் பன்னிரண்டு.

"இது எனக்குத் தெரியும்டா. எங்க வீட்டுத் தறில இத நெய்ஞ்சிருக்கோம்" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியம்மாவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான். உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் எங்கள் வீட்டில் மூன்று தறி இருந்தது. இரண்டு அப்பாவுடையது, ஒன்று அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவுடையது. நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், தீபாவளி முடிந்த கையோடு சித்தப்பா தன் தறியைக் கழற்றி விற்றுவிட்டு ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தார். புடவைக்கு டிசைன் போடப் போகிறேன் என்றார்.

நம் ஊரில் டிசைன் என்றால் ஒன்றுதான். கட்டம் போட்ட பெரிய தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்குப் பண்ணி, மயிலோ மாங்காயோ நிரப்புவது. அதைப் பார்த்து ஒருவர் அட்டையில் ஓட்டை குத்துவார். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், ஓட்டை சொல்கிறபடி இழை தூக்கும், ஜரிகை போய் உட்காரும். தாளில் பென்சிலால் பதினைந்து நாள் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரில் மூன்று நாளில் முடிக்கலாம் என்பது சித்தப்பாவின் கட்சி. "என் தறிக்குக் கரண்டு வேணாம். உம் பொட்டி கரண்டு போனா படுத்துக்கும்" என்பது அப்பாவின் கட்சி. அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொண்ட கடைசி வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் நான்தான் தபால். "உன் சித்தப்பன்கிட்ட சொல்லு, ஓட்டுல தண்ணி ஒழுவுது, ஏணி எடுத்தாரச் சொல்லு." "உங்கப்பாகிட்ட சொல்லு, ஏணிய அவருதான் எதிர்வீட்டுக்குக் குட்த்தாரு." நடையைத் தாண்டுவதற்குள் அரிசியில் கல் பொறுக்குவதுபோலச் சுடுசொற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் மீதியைச் சேர்ப்பேன். ஒரு நாள் பொறுக்க மறந்துபோய், "எருமமாடு" என்பதையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சித்தப்பா இரண்டு நாள் வெளியே சாப்பிட்டார். வீடு இரண்டாகிவிடும், சித்தப்பா போய்விடுவார் என்று அந்த வயதில் எனக்கு ஓயாத பயம். அவர் போகாமல் இருப்பது என் தபாலில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முழுப்பரீட்சை லீவு வந்தது. கத்திரி வெயில். அம்மா மத்தியானத்தில் பாவு இழை கோக்கும் வேலைக்கு எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். தங்கை அவளோடு ஒட்டிக்கொண்டு போவாள். அப்பா பின்கட்டில் தறிக்குழியில். சித்தப்பா வெள்ளைச் சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்புவார். "டிசைன் கேட்டு யாராச்சும் வந்தா ஒக்கார வெச்சி பேர் எழுதி வாங்கு. சும்மா இருக்க பேஜாரா இருந்தா கப்பல் ஆடிக்கினு இரு" என்பார். யாரும் வர மாட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கப்பல் ஆடுவேன்.

இப்போதைய விளையாட்டோடு அதை ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். கடல் ஒரு நீலப் பாய் மாதிரி இருக்கும். ஆனால் சத்தம் மட்டும் பிரமாதம். பீரங்கி வெடித்தால் மேசையில் இருக்கும் டம்ளர் அதிரும். நான் எடுத்துக்கொள்வது எப்போதும் அந்த ஒரு கப்பல்தான். பெரிய போர்க்கப்பலுக்குச் சின்னது, குரூசருக்குப் பெரியது. "இது ரெண்டுங்கெட்டான் கப்பல்" என்று சித்தப்பா சிரிப்பார். வீட்டில் என்னையும் அந்த வார்த்தையால்தான் திட்டுவார்கள் என்பதால் எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு பீரங்கியும் சேர்ந்து வெடிக்க வேண்டும் என்றால் கப்பல் தன் விலாவைத் திருப்பிக் காட்டியாக வேண்டும். விலாவிலோ தகடு மெல்லியது. காட்டினால் அடி விழும், காட்டாவிட்டால் பாதிப் பீரங்கி சும்மா இருக்கும். அந்த லீவு முழுக்க நான் விலாவைக் காட்டிக் காட்டி மூழ்கிப்போனேன்.

கப்பலைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி போட்டிருப்பார்கள். சித்தப்பா படித்துச் சொன்னார்: "இத்த கட்டவே இல்லியாம். டிசைனோட நின்னுபோச்சாம்."

டிசைன் என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம் என்று சொன்னேன் அல்லவா. எனக்கு என்ன தோன்றியது என்றால், பாவம், அமெரிக்காவில் யாரோ கஷ்டப்பட்டுக் கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறார், அதை ஏற்றத் தறி கிடைக்கவில்லை. சித்தப்பா போட்ட எட்டு டிசைனும் அப்படித்தான் அலமாரியில் கிடந்தன. எனக்குத் துக்கமாகிவிட்டது. நானே அதைக் கட்டத்தில் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

சரியான அளவில் கட்டம் வேண்டும். சித்தப்பா அப்போதுதான் ஒரு கோபுர பார்டரை முடித்து வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கு வைகாசியில் கல்யாணம். அவர் எங்கள் வீட்டிலேயே முகூர்த்தப் புடவைக்குச் சொல்லியிருந்தார். "யார்கிட்டயும் இல்லாத பார்டரா இருக்கணும்" என்று டீச்சர் கேட்டதால், அப்பா வேறு வழியில்லாமல் என்னைத் தூது அனுப்பி வாங்கிய டிசைன் அது. அந்தக் கோபுரத்தைத் திறந்து, கட்டம் கட்டமாக அழித்து, அந்த இடத்தில் கப்பலைப் போட்டேன். நடுவில் மேலே கூம்பிப் போகும் மாடம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கூண்டு. பக்கவாட்டில் பார்த்தால் மூன்று குழாயும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் மூன்று இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றையும் போட்டேன். மூன்று மத்தியானம் ஆயிற்று. முடித்ததும் எந்தப் பொத்தானை அமுக்கச் சொல்லி சித்தப்பா கற்றுக்கொடுத்திருந்தாரோ அதை அமுக்கினேன். அந்தப் பொத்தான் கோபுரத்தை விழுங்கிவிட்டு அதன் பெயரிலேயே கப்பலை வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே பெரணமல்லூரில் இருக்கும் மாமா வீட்டுக்கு லீவுக்குப் போய்விட்டேன். சித்தப்பா, முடிந்த டிசைன்தானே என்று திறந்துகூடப் பார்க்காமல் ஃப்ளாப்பியில் ஏற்றி, பிரிண்ட் எடுக்கப் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கொடுத்துவிட்டார். தாள் அங்கிருந்து நேராக அட்டை குத்துகிறவரிடம் போயிற்று. அவருக்கு வெள்ளைக் கட்டம், கறுப்புக் கட்டம் இரண்டுதான் கண்ணுக்குத் தெரியும். அட்டை வந்தது, அப்பா தறியில் ஏற்றினார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பின்கட்டுக்கு ஓடினேன். அரக்குச் சிவப்புப் புடவை. பச்சை பார்டரில் ஜரிகை பளபளவென்று. அதில் என் கப்பல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கரையிலும் கடற்படை. கால் கீழே நிற்கவில்லை.

"இன்னாமா அப்டி பாக்கற. நல்லாக்கீதா?" என்று அப்பா கேட்டார்.

நான் தலையாட்டினேன். அப்பா தானே தொடர்ந்தார். "கோபுரம்னுதான் சொல்லி அனுப்னான். நடுவுல பாரு, கோபுரம். ரெண்டு பக்கமும் யான. ஒவ்வொண்ணுக்கும் மூணு தும்பிக்க. ஐராவதம். ஐராவதத்த யாரு பார்டர்ல வெச்சிக்கிறாங்க? நான் இத்தினி வருசத்துல நெய்ஞ்சதில்ல." சற்று நேரம் இழையோடும் நாடாவை ஓட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மத்தியானமெல்லாம் டுமீலு டுமீலுன்னு ஆடிக்கினுதான் கெடக்கறான். இருந்தாலும் கையில வேல கீது."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சித்தப்பா ஷூ போட்டுக்கொண்டு வெளியே போகும்போது அவருடைய ரப்பர் செருப்பு முன்னறை வாசலிலேயே கிடக்கும். தறியிலிருந்து எட்டிப் பார்த்தால் செருப்பு தெரியும். உள்ளே பீரங்கிச் சத்தம். இத்தனை நாளும் ஆடுவது தம்பி என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தபாலில் "வெளையாட்டு புள்ள" என்று வந்தது எதைப் பற்றி என்றும் அன்றுதான் புரிந்தது. செய்யாத குற்றம் ஒன்று சித்தப்பா தலையில், செய்யாத பெருமை ஒன்றும் சித்தப்பா தலையில். இரண்டையும் ஏற்றியவள் நான்.

நான் சொல்லவில்லை. சொன்னால் டீச்சர் புடவை பாழ். கம்ப்யூட்டர் தெருவுக்குப் போகும், அதன் பின்னாலேயே சித்தப்பாவும் போவார். நான் வாயைத் திறக்காத வரை ஐராவதம் ஐராவதமாகவே இருக்கும். சித்தப்பா தறிப்பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அம்மா எனக்கு வயிற்றுப்பூச்சி என்று முடிவு கட்டி வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீச்சர் புடவையைப் பார்க்க வந்தார். முப்பது தாண்டிய பிறகு தகைந்த கல்யாணம். ஊரில் ஆளாளுக்குப் பேசிக் களைத்த விஷயம். டீச்சர் தறிக்குப் பக்கத்தில் குனிந்து பார்டரை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"ஐராவதம் டீச்சர். நம்ம தம்பி போட்டது" என்றார் அப்பா. நம்ம தம்பி. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை.

டீச்சர் கணக்குப் பார்க்கிற கண்ணோடு பார்த்தார். "நாலு யான, மூணு மூணு தும்பிக்க. பன்னெண்டு. எல்லாம் சரிங்க. காலு எங்க?"

அப்பா நெய்வதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வீட்டுக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. டீச்சரைக் கண்டதும் மரியாதைக்காகப் பின்கட்டு வரை வந்தார். "நீங்களே சொல்லுங்க சார், யானைக்கு ஏன் கால் வெக்கல?" என்று டீச்சர் கேட்டார்.

சித்தப்பா தறியைப் பார்த்தார். அடுத்த நொடி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா அந்தக் கப்பல். அவர் நிதானமாகச் சொன்னார்: "கட்டம் பத்தலிங்க டீச்சர்."

அப்பா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். விஷயம் அதோடு முடிந்தது. நான் தப்பித்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

பொய்யைப் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. மூன்று மத்தியானம் கண் எரிய எரிய நான் போட்ட கப்பலைக் கால் இல்லாத யானை என்கிறார்களே என்ற ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"அது யானை இல்ல. கப்பல். அமெரிக்கா கப்பல். நான் போட்டது" என்றேன். நிறுத்தத் தெரியவில்லை. பன்னிரண்டு பீரங்கி என்றேன். டிசைனோடு நின்றுபோனது என்றேன். கோபுரத்தை அழித்தது நான், சித்தப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது என்றேன். அதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்ப போட்ட?"

"மத்தியானத்துல."

"அப்ப அந்த டுமீலு டுமீலு?"

"நான்தாம்பா."

"தெனமுமா?"

"தெனமும்."

அப்பாவின் கண் என்னை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் காலுக்குப் போயிற்று. ஷூ முழுக்கச் செம்மண் புழுதி.

"எங்க போய்ட்டு வர?" என்று நேராகச் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"செய்யாரு."

"எதுக்கு?"

"கம்பெனில வேல கேட்டிருந்தேன். ஒண்ணாந்தேதி சேரச் சொல்ட்டாங்க."

"ஒரு வார்த்த சொல்லல."

"நீ கேக்கல."

அதுதான், அவ்வளவுதான். ஆறு மாதம் ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் சொல்லவில்லை. நானோ தபாலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், சுடுசொல்லே இல்லாமல் வந்த என் தபாலைப் பார்த்து, எதிராளிக்குக் கோபம்கூட இல்லை, அக்கறையே இல்லை என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். நான் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்தது அது.

டீச்சர் இருப்பதே அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது. கையைக் கூப்பினார். "தப்பு எங்களுது டீச்சர். முக்கா புடவ நெய்ஞ்சாச்சி. இத்த வெச்சிக்கிறேன். ராப்பகலா ஒக்காந்து வேற நெய்ஞ்சி குட்த்துட்றேன்."

டீச்சர் என்னை அருகில் கூப்பிட்டார். "பீரங்கி எந்தப் பக்கம் பாத்துகினு இருக்குது?"

"முன்னாடி ஆறு, பின்னாடி ஆறு டீச்சர்."

"ரெண்டு பக்கமும் காவலு. எனக்கு இதுவே இருக்கட்டும்" என்றார் டீச்சர். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "யாராச்சும் கேட்டா ஐராவதம்னு சொல்லிக்கிறேங்க. யார்கிட்டயும் இருக்கக் கூடாதுன்னு நான்தான கேட்டேன்?"

கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மாப்பிள்ளையின் அம்மா பார்டரைப் பிடித்துப் பார்த்து, ஐராவதம் என்று காதில் விழுந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பன்னிரண்டு பீரங்கியையும் ஒற்றிக்கொண்டார். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரித்துவிடுவோம் என்று இருவருக்கும் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. டீச்சர் போன பிறகு அப்பா தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா முன்னறைக்குப் போய் ஷூவைக் கழற்றினார். எனக்கு அடி விழவே இல்லை. அடியாவது விழுந்திருக்கலாம் என்று இருந்தது.

பிறகு அப்பா நடையைக் கடந்து போனார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் கால் வைக்காத அறை அது. வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார்:

"டேய், போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா புடவ முந்திக்கு இன்னும் டிசைன் வர்ல."

"இன்னா போடலாம்?" என்று சித்தப்பா கேட்டார்.

"நீதான டிசைன்காரன்?"

அந்த அறையில் நாற்காலி ஒன்றுதான். சித்தப்பா எழுந்து நின்றுகொண்டார். அப்பா உட்கார்ந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாகத் தூக்கி நடந்ததை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அத்தனை நிம்மதியை அதற்குப் பிறகு பரீட்சையிலோ பிரசவத்திலோகூட நான் அனுபவித்ததில்லை.

சமையற்கட்டிலிருந்து அம்மா கேட்டாள்: "அங்க இன்னாடி சத்தம்?"

"பேசிகினு இருக்காங்கம்மா."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

அம்மா அடுப்பை அணைத்தாள். குழம்பு இன்னும் கொதிக்கவில்லை. ஆனாலும் அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.